அக்காவிட்டக் கேளுங்கோ: பெத்தவையைத் தேடிப் போறது

(இந்த முறை ஒரே விசயத்தைப் பற்றித்தான் கன கடிதம் வந்திருக்கு, அதால மிச்சக் கேள்வியளை அடுத்த இதழுக்குத் தள்ளிப் போட்டன். சமையல் சந்தேகம் கேட்டாக்கள் கோவிக்கக் கூடாது.)

கேள்வி: அக்கா வணக்கம். என்ர பேர் போடாதேங்கோ, ஊரும் வேண்டாம், யாழ்ப்பாணம் எண்டு மட்டும் போட்டாக் காணும். எனக்கு 38 வயசு, ரெண்டு பிள்ளையள், ரீச்சரா இருக்கிறன். போன வருசம் அப்பா மோசம் போட்டார். அந்தியேட்டி அண்டு பந்தி நடக்கேக்க அப்பான்ர தங்கச்சி, எனக்கு மாமி, குசினிக்குள்ள நிண்டு ஆரோடயோ கதைக்கிறா, "என்ன இருந்தாலும் எடுத்து வளத்த பிள்ளை தானே, இனி வீடு வளவு எல்லாம் அதுக்குத்தான் போகப் போகுது" எண்டு. நான் சாம்பார் வாளியோட கதவடியில நிக்கிறன், அவ என்னைக் காணேல்ல. பேந்து பெரியம்மாவைப் பிடிச்சுக் கேட்டன், அவ அழுது போட்டு ஓமெண்டு தலையாட்டினா, மேல ஒரு சொல்லும் சொல்லேல்ல. அம்மாவுக்கு 76 வயசு, சீனி வருத்தம், பிரசர், அவவிட்ட இதைக் கேட்டா என்ன நடக்குமோ எண்டு பயம். என்ர பேர்த் சேட்டிபிக்கேற்றில அம்மா அப்பான்ர பேர்தான் கிடக்கு, ஆனா நான் பிறந்தது 1987, பதிஞ்சது 1991. இவ்வளவு காலமும் நான் அதை வடிவாப் பாக்கவே இல்லை. இவர் சொல்லுறார், உதைக் கிண்டாத, நாளைக்குப் பிள்ளையளுக்குக் கலியாணம் பேசேக்க சனம் என்ன சொல்லும் எண்டு. எனக்கு நித்திரை இல்லை அக்கா. பஸ்ஸில போகேக்க 60 வயசு மதிக்கத்தக்க பொம்பிளையளின்ர முகத்தையே பாத்துக்கொண்டு இருக்கிறன், மூக்கு என்ர மாதிரி இருக்கோ எண்டு. என்ர சின்ன வயசுப் போட்டோவைப் பேஸ்புக்கில போட்டு ஆருக்கும் தெரியுமோ எண்டு கேக்கச் சொல்லி சிநேகிதி சொல்லுறா. எங்க துவங்கிறது? அம்மாட்டக் கேக்கிறதோ விடுறதோ?

பதில்: தங்கச்சி, முதல் வேலையா அந்தப் பேஸ்புக் யோசினையை விடுங்கோ. மிச்சத்தைப் பேந்து கதைப்பம்.

ஏன் எண்டு சொல்லுறன். இஞ்ச காலமை ஒரு போட்டோ போட்டா மத்தியானத்துக்குள்ள அது ஸ்காபரோவுக்கும் லண்டனுக்கும் போட்டு, ஆர் ஆற்ற பிள்ளையெண்டு நூறு பேர் கொமென்ற் எழுதி, பின்னேரம் உங்கட ஊர்ச் சந்தியில நிண்டு கதைப்பினம். அதில ஒராள் சரியான பேரைச் சொல்லிப் போட்டா என்ன நடக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. உங்களைப் பெத்தவ இப்ப உயிரோட இருந்தா 60 வயசு, 65 வயசு. அநேகமாக் கலியாணம் கட்டியிருப்பா, பிள்ளையள் இருக்கும், மருமக்கள் இருக்கும், அவையள் ஒருத்தருக்கும் உங்களைப் பற்றித் தெரியாமலும் இருக்கலாம். தேடுறது உங்கட உரிமை, அதை ஆரும் பிழையெண்டு சொல்லேலாது, உங்கட மனுசனும் சொல்லேலாது. ஆனா அவவின்ர பேரை ஊருக்கு விடுற உரிமை உங்களுக்கு இல்லை. நான் இந்த விசயத்தில கொஞ்சம் கண்டிப்பான ஆள், ஏனெண்டா கந்தோர் வாழ்க்கையில, சிறுவர் பராமரிப்பு அலுவல்களோடயே இருந்தனான், அவசரத்தில வாசலில போய் நிண்டு கத்தி அழுது, உள்ள இருந்து ஒரு பொம்பிளை "உங்களை எனக்குத் தெரியாது" எண்டு சொல்லிக் கதவைச் சாத்தினதைக் கேள்விப்பட்டிருக்கிறன். அதுக்குப் பிறகு அந்தக் கதவு துறக்கிறது கஸ்ரம்.

சரி, எங்க துவங்கிறது. உங்கட கையில இருக்கிற பேர்த் சேட்டிபிக்கேற்றிலதான். வீட்டில கிடக்கிற பழைய கொப்பி காணாது, பிரதேச செயலகத்தில போய்ப் புதுசா ஒண்டு எடுங்கோ, பதிவுப் புத்தகத்தில இருக்கிறது எல்லாம் அப்பிடியே வாறதாப் பாத்து எடுங்கோ. எடுத்துப் போட்டுத் தாய் தகப்பன் பேரைப் பாக்காம அதுக்குக் கீழ பாருங்கோ. பிறந்த இடம் என்னெண்டு போட்டிருக்கு, ஆஸ்பத்திரியோ வீடோ. வீடெண்டா ஆற்ற வீடு. அறிவித்தவர் எண்டு ஒரு கட்டம் இருக்கும், அவரின்ர முழுப்பேர், விலாசம், என்ன முறையில அறிவிக்கிறார் எண்டும் இருக்கும். கன பேர் அந்தக் கட்டத்தைத் திரும்பியும் பாக்கிறதில்லை. அப்பாதான் அறிவிச்சிருந்தா அது ஒண்டும் சொல்லாது. ஆனா வேற ஒராள், ஒரு கிழவி, ஒரு மருத்துவிச்சி, சொந்தம் இல்லாத ஒரு பேர் அங்க இருந்தா உங்களுக்கு ஒரு நூல் கிடைச்சிட்டுது.

பிந்திப் பதிஞ்சதைப் பெரிய துப்பு எண்டு நினைக்காதேங்கோ. 87 இல இஞ்ச என்ன நடந்தது எண்டு உங்களுக்கு ஞாபகம் இருக்காது, வைகாசி ஆனியில வடமராட்சியில ஆமியின்ர ஒப்பரேசன், சனம் தென்மராட்சிக்கும் வலிகாமத்துக்கும் ஓடினது, பேந்து ஒக்டோபர் 10 க்குப் பிறகு இந்தியன் ஆமியோட சண்டை, 21 ஆம் திகதி யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள்ளயே டொக்டர்மார் நேர்ஸ்மார் நோயாளியள் எண்டு பாக்காமச் சுட்டவங்கள். அந்த வருசம் பிறந்த பிள்ளையளில பிந்திப் பதிஞ்சது கன பேர், சொந்தப் பிள்ளையளும்தான். நாலு வயசில பதிஞ்சது அநேகமாப் பள்ளிக்கூடத்தில சேக்கிறதுக்கா இருக்கும். பிந்திப் பதியிறதெண்டா சும்மா பதியேலாது, சத்தியக் கடதாசி, சாட்சி எண்டு ஏதாவது குடுக்க வேணும், அந்தக் கோவை எங்கயாவது கிடந்தா அதில சாட்சி வைச்ச ஆக்களின்ர பேர் இருக்கும், பதிவாளர் கந்தோரில கேட்டுப் பாருங்கோ. இடம்பெயர்வு, குண்டு, கறையான் எல்லாத்துக்கும் தப்பி இருக்க வேணும், அது வேற கதை.

நீங்கள் எழுதின மாதிரி நேரா வளத்தவையின்ர பேரிலயே பிறப்புப் பதிஞ்சு இருந்தா, உங்களைக் கோட்டில எடுக்கேல்ல எண்டுதான் நான் நினைக்கிறன். சட்டப்படி எடுக்கிறதெண்டா 1941 ஆம் ஆண்டுச் சட்டம் ஒண்டு இருக்கு, மகவேற்புக் கட்டளைச் சட்டம் எண்டு, அதின்படி நீதிமன்றம் கட்டளை போடும், பதிவாளர் நாயகம் அதைத் தனிப் புத்தகத்தில பதிவார், சேட்டிபிக்கேற்றும் வேற மாதிரி வரும். அந்தப் புத்தகத்துக்கும் பழைய பிறப்புப் பதிவுக்கும் உள்ள தொடுப்பு ஆரும் போய்ப் புரட்டிப் பாக்கிற சாமான் இல்லை, அதுக்குக் கோட்டுப் பக்கம்தான் போக வேணும். உங்கட கேஸ் அப்பிடி இல்லாட்டி பத்தரமுல்லையில இருக்கிற பதிவாளர் நாயகத்தின்ர கந்தோருக்கு ஏறி இறங்கிக் காசைக் கரைக்காதேங்கோ, அங்க இருக்கப் போறதும் இஞ்ச இருக்கிற அதே பதிவின்ர மற்றக் கொப்பிதான்.

இப்பிடிக் கோட்டுக்குப் போகாமப் பிள்ளை எடுக்கிறது எங்கட ஆக்களுக்குப் புதுசும் இல்லை. ஒல்லாந்தர் காலத்தில 1707 இல தொகுத்த தேசவழமையிலயே பிள்ளை எடுக்கிற முறை இருக்கு. சகோதரங்களிட்ட, நெருங்கின உரித்துக்காரரிட்டச் சம்மதம் வாங்கி, சாட்சியள் பாக்க மஞ்சள் தண்ணி குடிக்கிறது. உரித்துக்காரர் சம்மதிக்க வேணும் எண்டு ஏன் வைச்சவங்கள்? காணி தான். முந்நூறு வருசத்துக்கு முந்தியும் உங்கட மாமி குசினிக்குள்ள நிண்டிருக்கிறா.

அந்தக் கதையை இதோடயே முடிச்சிடுறன், ஏனெண்டா நீங்கள் அதைக் கேக்கேல்ல, ஆனா கேட்டிருக்க வேணும். அம்மா தெளிவா இருக்கேக்கயே ஒரு நொத்தாரிசிட்டக் கூட்டிக்கொண்டு போய், வீடு வளவு அவவின்ர பேரில இருந்தா உங்கட பேருக்கு நன்கொடை உறுதி எழுதுவியுங்கோ, சீவிய உருத்தை, அதாவது சாகும் வரைக்கும் அதில இருந்து அனுபவிக்கிற உரிமையை, அவ தனக்கு வைச்சுக்கொண்டு. அப்பான்ர பேரில இருக்கிறதுக்கு வேற அலுவல், லோயரோட கதையுங்கோ. நாளைக்கு நீங்கள் தேடத் துவங்கினது மாமிக்குத் தெரிய வந்தா அவ அதையே சாட்சியாக் கொண்டு திரிவா. காணி அலுவல் முதல், தேடல் பேந்து. இது கல்நெஞ்சுக் கதை மாதிரி இருக்கும், பரவாயில்லை.

இனி அம்மா. அவவிட்டக் கேக்கத்தான் வேணும். 76 வயசு, சீனி வருத்தம், நீங்கள் அதைக் கேக்காமல் இருக்கக் காரணமாச் சொல்லுறியள், நான் அதையே கேக்கிறதுக்குக் காரணமாச் சொல்லுவன். இந்த உலகத்தில உங்களை ஆற்ற கையில இருந்து வாங்கினது எண்டு தெரிஞ்ச ஆக்கள் இப்ப ரெண்டு பேரோ மூண்டு பேரோ தான் மிச்சம், அதில ஒராள் அம்மா. ஆனா கேக்கிற விதம் ஒண்டு இருக்கு. "என்ர அம்மா ஆர்?" எண்டு கேட்டியள் எண்டா அந்தக் கேள்வியே அவவைக் கொண்டு போடும், அப்ப நான் ஆர் எண்டு அவ நினைப்பா. "அம்மா, என்னை எப்பிடித் தூக்கிக்கொண்டு வந்தனீங்கள், அப்ப நான் எவ்வளவு பெரிசு, அழுதனானோ" எண்டு கேளுங்கோ. சாப்பிட்டு மருந்து எடுத்து முடிய, ரெண்டு பேரும் தனிய இருக்கேக்க, பெரியம்மா பக்கத்தில இல்லாம, போன் நோண்டாம. அண்டைக்கு ஒண்டும் சொல்லாட்டி விடுங்கோ. அநேகமான அம்மாமார் மூண்டு நாலு நாள் பேசாம இருந்து போட்டு, கீரை ஆயேக்கயோ உடுப்பு மடிக்கேக்கயோ தாங்களாத் துவங்குவினம். அவவுக்கு இருக்கிற ஒரே பயம் நீங்கள் விட்டிட்டுப் போயிடுவியள் எண்டுதான், அதுக்கு உறுதி குடுத்துப் போட்டுக் கேளுங்கோ.

அவ சொல்லாட்டி இன்னும் ரெண்டு சாமான் வீட்டுக்குள்ள தேடலாம். ஒண்டு சாதகக் கொப்பி. உங்களுக்குக் கலியாணம் நடந்தது எண்டா சாதகம் பாத்திருப்பினம். நாழிகை வினாடியோட சரியான நேரம் எழுதியிருந்தா, பிறந்த இடத்தில நிண்ட ஒராள் நேரம் பாத்துச் சொல்லியிருக்கு, அப்ப உங்களைத் தந்தவையோட வீட்டுக்காரருக்கு நேரடிப் பழக்கம் இருந்திருக்கு எண்டு அர்த்தம். நேரம் தெரியாமச் சாத்திரியார் முகத்தைப் பாத்தோ கைரேகை பாத்தோ கணிச்சதெண்டா நடுவில ஒராளோ ஒரு இல்லமோ இருந்திருக்கும். ரெண்டாவது ஊசி போட்ட கிளினிக் அட்டை, அதில எந்த ஊர் கிளினிக், என்ன பேர் எண்டு பாருங்கோ, பேர் மாத்த முந்தின அட்டை சில வேளை அப்பிடியே அலுமாரிக்குள்ள கிடக்கும். வேதக்காரக் குடும்பமெண்டா கோயிலில ஞானஸ்நானப் புத்தகமும் இருக்கு. பிறந்த ஊர் இணுவில் எண்டு போட்டிருந்தா அதை வைச்சு இணுவில் ஆக்கள் எண்டு நினைக்காதேங்கோ, அந்த மக்கிலியொட் ஆஸ்பத்திரியில பிள்ளை பெறுறதுக்கு எல்லா ஊரில இருந்தும் வந்தவை, மானிப்பாய் ஆஸ்பத்திரியும் அப்பிடித்தான்.

பேர் கிடைச்சா? நீங்கள் போகாதேங்கோ. ஒராளைப் பிடியுங்கோ, வாய் இறுக்கமான ஒராள், ஓய்வெடுத்த மிட்வைஃப், பழைய விதானையார், கன்னியர் மடத்துச் சிஸ்டர் ஒராள், ஆரெண்டாலும் அந்த ஊருக்குள்ள சும்மா போய் ஒரு வீட்டில தேத்தண்ணி குடிச்சாலும் ஆரும் ஏனெண்டு கேக்காத ஒராள். அவரிட்ட ஒரு சின்னக் கடிதம் குடுத்து விடுங்கோ. நான் சுகமா இருக்கிறன், நல்லா வளத்தவை, எனக்கு உங்களிட்ட ஒண்டும் வேண்டாம், காணி வேண்டாம், ஒருக்காக் கதைக்க விருப்பம், இதுதான் நம்பர். அவ்வளவும் காணும். அந்தக் காணி வேண்டாம் எண்டதை மறக்காம எழுதுங்கோ, சிரிக்காதேங்கோ, இஞ்ச கடிதத்தைப் பிரிக்கிற ஆளின்ர முதல் பயம் அதுதான்.

மனுசனுக்கு: தம்பி, சனம் எப்பிடியும் கதைக்கும், ஏற்கனவே குசினிக்குள்ள கதைச்சிட்டுது. உங்கட மனுசிக்கு நித்திரை இல்லை, அதைப் பாருங்கோ.

கேள்வி: அக்கா, நான் சூரிச்சில இருக்கிறன், ஊர் கோண்டாவில். என்னோட வேலை செய்யிற ஒராள் இருக்கிறார், பேர் சுவிஸ் பேர், கதைக்கிறது சுவிஸ் டொச், நிறம் முகம் எல்லாம் எங்கட ஆள். 1984 இல கொழும்பில இருந்து கைக்குழந்தையா எடுத்துக்கொண்டு வந்தவையாம். அவரின்ர பழைய பேப்பரில தாயின்ர பேர் தமிழ்ப் பேர், பிறந்த இடம் யாழ்ப்பாணம் எண்டு கிடக்காம். என்னை அதை வாசிச்சுக் காட்டி, ஊரில விசாரிச்சுத் தரச் சொல்லிக் கேக்கிறார். எனக்கும் விருப்பம்தான், ஆனா அந்தப் பேரில எங்கட ஒழுங்கைக்குள்ளயே நாலு பேர் இருப்பினம். எப்பிடி விசாரிக்கிறது?

பதில்: முதல் அந்தப் பேப்பரை நம்பாதேங்கோ தங்கச்சி. நம்பி ஊரில இருக்கிற நாலு மனுசியையும் பயப்பிடுத்தாதேங்கோ.

80 களில இலங்கையில இருந்து ஐரோப்பாவுக்குப் போன பிள்ளையள் 11,000 அளவில எண்டு சொல்லுறவை. அதில எத்தினை பேரின்ர கதை உண்மை எண்டு இப்பவும் ஆருக்கும் தெரியாது, ஏனெண்டா அந்தக் காலத்தில அது ஒரு வியாபாரமா நடந்தது. தாய் எண்டு சொல்லிக் கோட்டில வந்து நிக்கிறதுக்கு வேற பொம்பிளையளைக் காசு குடுத்துக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாங்கள், பேப்பரில இருக்கிற பேர் அந்த நடிக்க வந்தவவின்ர பேரா இருக்கலாம், அதுவும் இல்லாமச் சும்மா எழுதின பேராவும் இருக்கலாம். 2017 இல நெதர்லாந்து ரீவியில இதைப் போட்ட பிறகு அப்ப சுகாதார அமைச்சரா இருந்த ராஜித சேனாரத்ன இப்பிடி நடந்தது உண்மைதான் எண்டு ஒத்துக்கொண்டவர். 2020 மார்கழியில சுவிஸ் அரசாங்கமும் தங்கட பக்கத்தில பிழை விட்டதை ஒத்துக்கொண்டது. 2021 மாசியில நெதர்லாந்து வெளிநாட்டுப் பிள்ளையள் எடுக்கிறதையே நிப்பாட்டி வைச்சது. இலங்கையில 1992 இல சட்டத்தை இறுக்கினவை, நாடு விட்டு நாடு பிள்ளை எடுக்கிறதைப் பற்றின ஹேக் சமவாயம் 1995 மே 1 இல நடைமுறைக்கு வந்தது. உங்கட ஆள் இதுக்கெல்லாம் முந்தி வந்த ஆள்.

அதோட தமிழ்ப் பேர் எண்டதும் நாங்கள் உடன யாழ்ப்பாணம் எண்டு தாவுறம். மலையகத்திலயும் அதே பேர் இருக்கு, கொழும்பிலயும் இருக்கு.

ஆனா பேப்பரைத் தூக்கி எறியவும் வேண்டாம், பொய்ப் பேப்பருக்குள்ளயும் சில உண்மை மாட்டுப்பட்டு இருக்கும். தாயின்ர அடையாள அட்டை இலக்கம் இருக்கோ எண்டு பாக்கச் சொல்லுங்கோ. பழைய இலக்கம் ஒம்பது எண்ணும் கடைசியில ஒரு எழுத்தும். முதல் ரெண்டு எண்ணும் பிறந்த வருசம், அடுத்த மூண்டும் வருசத்தில எத்தினையாவது நாள் எண்டது, பொம்பிளையளுக்கு அதோட 500 கூட்டிப் போடுறது. அப்ப 60 இல பிறந்த ஒரு பொம்பிளையின்ர இலக்கம் 60 எண்டு துவங்கி அடுத்தது 500 க்கு மேல இருக்க வேணும். அங்க 212 எண்டு கிடந்தா அது ஆம்பிளையின்ர இலக்கம், பேப்பர் பொய். வயசு 22 எண்டு எழுதிப் போட்டு இலக்கம் 48 இல துவங்கினா அதுவும் சரி வராது. வழக்கு இலக்கம், எந்த நீதிமன்றம், எந்தத் திகதி, லோயரின்ர பேர், பிறந்த ஆஸ்பத்திரி, இதுகளையும் தனியா ஒரு கடதாசியில எழுதச் சொல்லுங்கோ. பேரைவிட இதுகள்தான் உதவும். சுவிஸ் சட்டப்படி 18 வயசு முடிஞ்ச வளர்ப்புப் பிள்ளைக்குப் பெத்தவையின்ர விபரம் கேக்கிற உரிமை இருக்கு, அதுக்கு கன்ரோனில, அதாவது அங்கத்தைய மாநிலத்தில, பொறுப்பான கந்தோர் இருக்கு, அங்க இருக்கிற கோவையை முழுக்கக் கொப்பி எடுக்கட்டும், வளத்தவையிட்ட இருக்கிறதில இல்லாத கடதாசி அங்க இருக்கலாம்.

பேந்து டிஎன்ஏ. இப்பிடியான கேஸில முதல் அதைத்தான் செய்யச் சொல்லுவன், முதல் கேள்வி கேட்ட தங்கச்சிக்கு அது கடைசி. ஏனெண்டா அவவுக்குக் கேக்க அம்மா இருக்கிறா, உங்கட ஆளுக்குக் கேக்க ஆரும் இல்லை. துப்பலைக் குப்பிக்குள்ள துப்பி ரெஸ்ற் செய்யிற கொம்பனிக்கு அனுப்புறது, இல்லாட்டிச் சொக்கைக்குள்ள தேய்ச்சு அனுப்புறது, அவ்வளவுதான். அவங்களிட்ட ஏற்கனவே குடுத்த ஆக்களோட ஒத்துப் பாத்துச் சொந்தம் இருந்தாச் சொல்லுவாங்கள். இஞ்ச ஊரில இருக்கிற ஆக்கள் உந்த ரெஸ்ற் செய்யிறது குறைவு, ஆனா கனடாவில, லண்டனில, ஒஸ்ரேலியாவில பிறந்த எங்கட பிள்ளையள் விளையாட்டுக்கும் கிறிஸ்மஸ் பரிசாயும் செய்யிறாங்கள், அதால தாய் ஊரில இருந்தாலும் தாயின்ர மச்சாளின்ர பேரன் ரொறன்ரோவில அம்பிடலாம்.

ஒரு விசயம் மட்டும் கவனம். அந்த வெப்சைற்றுகள் சொந்தத்தைச் செண்டிமோர்கன் எண்டு ஒரு கணக்கில காட்டும். தாய் பிள்ளை எண்டா 3400 க்கு மேல வரும், அதில சந்தேகப்படத் தேவையில்லை. ஒரு தாய் வேற தகப்பன் சகோதரம் 1750 அளவில, ஒண்டுவிட்ட சகோதரம், மச்சான் மச்சாள் 850 அளவில, கூடக் குறைய வரும். இந்தக் கணக்குகள் சொந்தத்துக்குள்ள கட்டாத சனத்துக்குச் சரி. நாங்கள் மச்சான் மச்சாள் கட்டி, அவையளின்ர பிள்ளையளும் திரும்ப அப்பிடிக் கட்டி, நாலு தலைமுறையா ஒரே ரெண்டு மூண்டு ஊருக்குள்ள சுத்தின ஆக்கள். தூரத்துச் சொந்தமும் ரெண்டு மூண்டு வழியால சொந்தமா வாறதால எண்ணிக்கை கூட்டிக் காட்டும். வெப்சைற் "உன்ர ரெண்டாவது கசின்" எண்டு சொன்னா அது நாலாவதா இருக்கலாம். அதால ஒத்து வந்த ஒரு பேரோட துள்ளிக் குதிச்சு அந்த வீட்டுக்குப் போன் எடுக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ, தாய்வழியால ஒண்டு, தகப்பன்வழியால ஒண்டு எண்டு பிரிச்சு ரெண்டு மூண்டு பேர் ஒரு ஊரைக் காட்டும் வரைக்கும் பொறுக்கட்டும். ஒரு கொம்பனியோட நிக்காம, மூலத் தரவை இறக்கி ஜெட்மச் மாதிரி வெப்சைற்றிலயும் ஏத்தலாம், அங்க வேற கொம்பனியில செய்த ஆக்களும் இருப்பினம். ட்வென்டித்ரீ அண்ட் மீ எண்ட டிஎன்ஏ கொம்பனி 2025 இல வங்குரோத்துக்குப் போனது, அதால எங்க செய்தாலும் தரவை இறக்கி ஒரு கொப்பி கையில வைச்சிருக்கச் சொல்லுங்கோ.

உங்களால செய்யக் கூடிய பெரிய உதவி விசாரிக்கிறது இல்லை. அந்தாள் ஊருக்கு வந்து பாக்க விரும்பினாக் கூட்டிக்கொண்டு வாங்கோ, ஒரு புட்டு சாப்பிடட்டும், நல்லூர் பாக்கட்டும், வளந்த ஆளை ஆரும் தத்துப்பிள்ளை எண்டு அறிமுகப்படுத்தாம சிநேகிதன் எண்டு அறிமுகப்படுத்துங்கோ. தாய் யாழ்ப்பாணம் இல்லாமப் போனாலும் அவருக்கு அது நட்டம் இல்லை.

கேள்வி: நான் வடமராட்சி. என்ர அக்காவுக்கு இப்ப 67 வயசு. கலியாணத்துக்கு முந்தி, 1978 இல, அவவுக்கு ஒரு பொம்பிளைப் பிள்ளை பிறந்தது, ஐயாவும் அம்மாவும் அதை வெளியில ஒரு குடும்பத்துக்குக் குடுத்திட்டினம். அத்தானுக்குத் தெரியாது, பிள்ளையளுக்குத் தெரியாது, எனக்கு மட்டும் தெரியும், அப்ப எனக்கு 12 வயசு. இப்ப ஒரு சிஸ்டர் மூலமா ஒரு கடிதம் என்ர கைக்கு வந்திருக்கு, அந்தப் பிள்ளை தேடுதாம். அக்காட்டக் குடுக்கிறதோ, எரிச்சுப் போடுறதோ தெரியாமல் அரிசி வாளிக்குள்ள ஒளிச்சு வைச்சிருக்கிறன்.

பதில்: எரிக்காதேங்கோ. அந்தக் கடிதம் உங்களுக்கு வந்தது இல்லை, அக்காவுக்கு வந்தது. என்ன செய்யிறது எண்டு முடிவெடுக்கிறது அவ. 1978 இலயும் அவவிட்டக் கேக்காமத்தானே முடிவெடுத்தவை.

அத்தான் வீட்டில இல்லாத நேரமாப் பாத்துப் போங்கோ, இல்லாட்டிச் செல்வச்சந்நிதிக்குக் கூட்டிக்கொண்டு போற சாட்டில வெளியில கூட்டிக்கொண்டு வாங்கோ. கடிதத்தை நேரக் கையில குடுக்காமல், "அக்கா, அந்தப் பிள்ளை சுகமா இருக்காம்" எண்டு மட்டும் சொல்லுங்கோ. உங்களுக்கு ஞாபகம் இருக்கெண்டே அவவுக்குத் தெரியாமல் இருக்கலாம். மிச்சத்தை அவவின்ர முகம் சொல்லும். வேண்டாம் எண்டா வற்புறுத்தாதேங்கோ, கடிதத்தைப் பத்திரமா வைச்சிருங்கோ, அரிசி வாளிக்குள்ள இல்லை, பூச்சி அரிச்சுப் போடும்.

அவ பயந்து போய் மறுத்தாலும் நீங்கள் அந்தச் சிஸ்டரிட்டப் போய் ரெண்டு விசயம் சொல்லலாம், அக்காவின்ர பேர் சொல்லாமல். ஒண்டு, கடிதம் கிடைச்சது, தாய் உயிரோட இருக்கிறா, இப்ப ஏலாது எண்டு சொல்லுறா. மற்றது குடும்பத்து வருத்தங்கள். சீனி, இருதய வருத்தம், மார்புப் புற்றுநோய், அப்பிடி உங்கட அம்மா ஆச்சி ஆருக்கும் இருந்திருந்தா அதை ஒரு துண்டில எழுதிக் குடுங்கோ. 47 வயசில அந்தப் பிள்ளையிட்ட டொக்டர் ஒவ்வொரு முறையும் கேக்கிறார், குடும்பத்தில ஆருக்கும் இருக்கோ எண்டு, அவ தெரியாது தெரியாது எண்டு சொல்லிக்கொண்டு இருக்கிறா. அதுக்கு அக்காவின்ர மானம் ஒண்டும் போகாது.

அக்கா சந்திக்க விரும்பினா, அவவின்ர வீட்டிலயும் வேண்டாம், அந்தப் பிள்ளையின்ர வீட்டிலயும் வேண்டாம், சிஸ்டரவையின்ர இடத்திலயே சந்திக்கட்டும். நீங்கள் கூடப் போங்கோ, ஆனா வெளியில இருங்கோ. அத்தானுக்குச் சொல்லுறதோ இல்லையோ எண்டது அடுத்த வருசத்துக் கேள்வி, அதை இப்ப தூக்காதேங்கோ.

கேள்வி: ஆறு வயசு மகன், கைக்குழந்தையா இல்லத்தில இருந்து கோட்டு மூலமா எடுத்தனாங்கள். எப்ப சொல்லலாம்? 18 ஆகட்டும் எண்டு மாமா சொல்லுறார்.

பதில்: இண்டைக்கு. ஆறு வயசே பிந்திப் போச்சு. 18 மட்டும் பொறுத்தா வேற ஆராவது சொல்லிப் போடுவினம், ரோட்டில ரியூசனுக்குப் போகேக்க ஒரு பொடியன் சொல்லுவான். நித்திரைக்குப் போகேக்கக் கதை சொல்லுவியள் தானே, அதோட கதையாச் சொல்லுங்கோ, நாங்கள் பிள்ளை வேணுமெண்டு கேட்டம், நீ வேற ஒரு அம்மாவின்ர வயித்தில இருந்து வந்தனி, நாங்கள் உன்னை வந்து கூட்டிக்கொண்டு வந்தம் எண்டு. ஒரு நாளில சொல்லி முடிக்கிற விசயம் இல்லை, அவன் அம்பிடுற நேரமெல்லாம் திரும்பத் திரும்பக் கேப்பான், ஒவ்வொரு முறையும் அதே மாதிரிச் சொல்லுங்கோ.

மற்றது, கோட்டுக் கட்டளை, நன்னடத்தை உத்தியோகத்தரின்ர அறிக்கை, இல்லத்தில எடுத்த போட்டோ, அவன் வரேக்கப் போட்டிருந்த சட்டை இருந்தா அதையும், எல்லாத்தையும் ஒரு பைலில போட்டு அவன்ர பேரை எழுதி வையுங்கோ, போனில போட்டோ எடுத்து வேற இடத்திலயும் ஒரு கொப்பி வைச்சிருங்கோ. 95 இடப்பெயர்வில ஒரு பையோட வெளிக்கிட்ட சனத்துக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. லமினேற் மட்டும் பண்ணாதேங்கோ, சில கந்தோரில லமினேற் பண்ணின கடதாசியை எடுக்க மாட்டினம்.